பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: பழைய 100 சிசி பைக்கை வீட்டிலேயே மேம்படுத்தும் முழு வழிகாட்டி

என்னிடம் இருப்பது 2009-ஆம் ஆண்டின் ஸ்பிளெண்டர் பிளஸ். அப்பா ஓட்டிய வண்டி. ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்தபோது அதை விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. செயின் அலறியது, பிரேக் பிடித்தால் வண்டி யோசித்துவிட்டு நின்றது, இரவில் முகப்பு விளக்கு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இன்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. விற்பதற்கு முன் ஒரு மாதம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாக மாற்றினேன். அந்த வண்டியில்தான் இன்றும் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துச் சந்தைக்கு அழைத்துச் செல்கிறேன்.

பைக்கை மேம்படுத்துவது என்றதும் பலர் சைலன்சரையும் ஸ்டிக்கரையும் நினைக்கிறார்கள். பத்தாண்டு ஓடிய வண்டிக்கு அவை பயன் தராது. அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு முதலில் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு கூடுதலாகச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். வரிசையும் முக்கியம்: பிரேக், டயர், செயின், விளக்கு, ஷாக் அப்சார்பர், கடைசியில் இன்ஜின். இங்கே எழுதுவது 97.2 சிசி ஸ்பிளெண்டரை வைத்துத்தான். டிரம் பிரேக் உள்ள மற்ற 100 சிசி வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதை இழந்திருக்கிறது என்று பாருங்கள்

ஒரு ஸ்பேனரையும் தொடும் முன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செயின் சுற்றும் பல்சக்கரமான பின் ஸ்பிராக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்தச் செயினின் காலம் முடிந்துவிட்டது. ஸ்பிராக்கெட் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கிபோல் கூர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பின்சக்கரத்தை இரு கைகளால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷோ தேய்ந்திருக்கும். பிறகு ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அதைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் இழுங்கள். டக் டக் என்று தட்டினால், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றாலும் கோன் செட்தான்.

பிரேக் பிளேட்டின் வெளிப்புறத்தில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடிக்கும்போது அம்பு எல்லைக்கோட்டைத் தொட்டால், டிரம்முக்குள் உராய்ந்து வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூவை மாற்ற வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3517 என்றால் 2017-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பட்டை ஆழம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் வெடித்து இறுகியிருந்தால் மழையில் அது கைவிட்டுவிடும். இருசக்கர வண்டிக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர், அதுவரை காத்திருக்காதீர்கள்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த பாகத்தை அதே அளவில், அதே தரத்தில் மாற்றுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. இன்ஜின், சேசிஸ் போன்றவற்றில் கைவைப்பது வேறு கதை. சத்தமிடும் சைலன்சரைப் பொருத்துவதும் குற்றமே. அதைப் பொருத்தியவர் தெருவில் உறங்கும் குழந்தைகளையும் நோயாளிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாகங்கள் வாங்குவது

கடைக்குப் போகும்போது வண்டியின் ஆண்டு, மாடல் பெயர், சேசிஸ் எண் மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘ஸ்பிளெண்டர்’ என்று மட்டும் சொன்னால் போதாது. 1994-இல் அறிமுகமான அந்தப் பெயரில் பல தலைமுறைகள் வந்துவிட்டன. ஒன்றின் கேபிள் மற்றொன்றுக்கு இரண்டு அங்குலம் குறையும். முடிந்தால் பழைய பாகத்தையே கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை தெரிந்திருக்கும். புதிய பாகங்களுக்கு அந்தத் தெரு. பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. மட்கார்டு, பக்கமூடி, கேரியர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக், டயர், செயின், பேரிங், கேபிள் ஆகியவற்றை ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

வண்டி நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட உறையில் வருவதுதான் நல்லது என்று இல்லை. நம் ஊர்களிலேயே இந்தத் தொழில் வேரூன்றியிருக்கிறது: கோயம்புத்தூரின் எல்ஜிபி ‘ரோலான்’ என்ற பெயரில் செயின் செட் விற்கிறது; மதுரையின் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் செய்கிறது. கவலைப்பட வேண்டியது போலிகளைப் பற்றி. உறையில் அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், தயாரித்தவரின் முழு முகவரி இருக்க வேண்டும். எழுத்துகள் கலங்கியிருக்கக் கூடாது. பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் பிரேக் ஷூ வாங்க வேண்டாம். நான் ஒருமுறை அவசரத்தில் அப்படி வாங்கினேன். மூன்றாம் மாதம், நல்ல மழையில், உராய்வுப் பட்டை இரும்பிலிருந்து உரிந்து டிரம்முக்குள் சிக்கிக்கொண்டது. சக்கரம் பூட்டி வண்டி வழுக்கியது. பின்னால் பஸ் வரவில்லை என்பதால் இன்று இதை எழுதுகிறேன்.

கருவிகள்

8 முதல் 17 மில்லிமீட்டர் வரை ரிங் ஸ்பேனர்கள், பெரிய அச்சு நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், ஒரு சாக்கெட் செட், நோஸ் பிளையர், ரப்பர் சுத்தியல், கம்பி பிரஷ், கிரீஸ். வாய் திறந்த ஸ்பேனரால் இறுகிய நட்டைத் திருகாதீர்கள், முனை உருண்டுவிடும். முடிந்தால், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டருக்குச் சுமார் 22. அச்சு நட்டுக்கு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

இன்ஜின் மூடியில் உள்ள கூட்டல்குறி ஸ்க்ரூக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பில் பிறந்த இவ்வண்டிகளில் அவை ஜப்பானியத் தர அளவில் இருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக அமராமல் வழுக்கி, தலையை அரைத்துவிடும். நிறைய பேர் ‘துருப்பிடித்துவிட்டது’ என்று நினைப்பது பல நேரங்களில் இதைத்தான். சரியான முனையுள்ள, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று இந்தத் தொல்லையை முடித்துவைக்கும்.

பின்சக்கரம்: ஒரே நாளில் ஐந்து வேலைகள்

பின்சக்கரத்தை ஒருமுறை இறக்கினால் பிரேக் ஷூ, செயின் செட், ஹப் ரப்பர், பேரிங், டயர் ஐந்தையும் பார்த்துவிடலாம். தனித்தனியாகச் செய்தால் அதே நட்டை ஐந்து முறை கழற்ற வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொண்டு ஒரு முழுப் பகலை இதற்கு ஒதுக்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றும் முன்பே முன் ஸ்பிராக்கெட்டைத் தளர்த்திவிட வேண்டும். பலர் இதை மறந்து பின்னால் தவிப்பார்கள். கியர் லீவர் நிற்கும் கோணத்தை அதன் தண்டில் ஒரு கோடு கீறிக் குறித்துவிட்டு, லீவரையும் இடப்புற மூடியையும் எடுங்கள். வண்டியைக் கியரில் போட்டு, ஒருவரைப் பின்பிரேக்கை அழுத்தச் சொல்லி, ஸ்பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். செயின் இருக்கும்போதே இது எளிது.

அடுத்து பிரேக் ராடின் சரிசெய்யும் நட்டைக் கழற்றி, அதன் ஸ்பிரிங்கையும் பின்னையும் ஒரு கிண்ணத்தில் போடுங்கள். பிரேக் பிளேட்டைச் சட்டத்தோடு இணைக்கும் டார்க் லிங்க்கில் ஸ்பிளிட் பின் இருக்கும். எடுத்த பின்னைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைப் பயன்படுத்துங்கள். அச்சு நட்டைக் கழற்றி அச்சை உருவியதும் ஒரு பக்கக் காலர் விழும். எந்தப் பக்கம், எந்த முகம் வெளியே என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளெண்டரில் சக்கரம் ஸ்பிராக்கெட்டை விட்டுப் பிரிந்து வந்துவிடும். ஸ்பிராக்கெட் தாங்கி மட்டும் செயினோடு ஸ்விங் ஆர்மில் தொங்கும்.

இப்போது பிரேக். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கும் குழாயையும் பிடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். டிரம்மின் உள்முகத்தை விரலால் தடவுங்கள். ஆழமான பள்ளங்களோ விளிம்பில் உயர்ந்த வரப்போ இருந்தால் லேத்தில் காட்ட வேண்டும். டிரம்மில் பொறித்த உச்ச அளவைத் தாண்டியிருந்தால் ஹப்பையே மாற்ற வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே போதும்.

புதிய ஷூக்களில் இரண்டு ஸ்பிரிங்குகளையும் மாட்டி, புத்தகத்தைப் பாதி திறந்ததுபோல் மடித்துப் பிடித்து, முனைகளை, ஷூக்களை விரிக்கும் கேமிலும் அவை ஊன்றும் ஆணியிலும் வைத்து அழுத்துங்கள். படக்கென்று அமரும். அதற்கு முன் கேமையும் ஆணியையும் சுத்தம்செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். உராய்வுப் பட்டையில் ஒரு துளி கிரீஸ் பட்டாலும் அந்த ஷூ வீண். கேமைத் திருப்பும் வெளிக் கையை எடுத்திருந்தால் பழைய குறியில்தான் திரும்ப மாட்ட வேண்டும். புதிய ஷூவை விட்டுவிட்டுக் கையின் பல்லை மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டுவது சில பட்டறைகளில் பழக்கம். அம்புக்குறி பொய் சொல்லத் தொடங்குவது அங்கேதான்.

சக்கரத்துக்கும் ஸ்பிராக்கெட் தாங்கிக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் ஹப் ரப்பர்களை எடுத்துப் பாருங்கள். கியர் மாற்றும்போது பின்னாலிருந்து ஒரு தட்டல் கேட்டதென்றால் இவை சுருங்கியிருக்கும். மலிவான பொருள், ஆனால் மாற்றியதும் வண்டியின் குணமே மாறும். பேரிங்கை விரலால் சுழற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் இருந்தால் மாற்றுங்கள். உள்ளே தட்டி இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும். டயரை மாற்ற நான் கடைக்கே சக்கரத்தை எடுத்துச் செல்கிறேன். டியூபைக் கிள்ளாமல் போடுவதற்கு அவர்களின் கைப்பழக்கம் நமக்கு வராது. அதே அளவு டயரைத்தான் போடுங்கள். என் வண்டிக்கு 2.75-18.

செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் எப்போதும் ஒன்றாகவே மாற்றுங்கள். தேய்ந்த பற்களில் புதிய செயின் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் பழையதாகிவிடும். பழைய பற்களை எண்ணி, புதியதில் அதே எண்ணிக்கை இருக்கிறதா என்று சரிபாருங்கள். முன் ஸ்பிராக்கெட்டில் 14-க்குப் பதில் 15 பல் போட்டால் அதே வேகத்தில் இன்ஜின் சுற்றுவது சுமார் 7 சதவீதம் குறையும். நெடுஞ்சாலையில் அது இதமாகத் தோன்றும். ஆனால் இருவர் ஏறி மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். 100 சிசி வண்டியில் நான் இதைச் செய்வதில்லை.

செயின் இணைப்பின் கிளிப்பில் ஒரு முனை மூடியும் ஒரு முனை பிளந்தும் இருக்கும். செயின் ஓடும் திசையை நோக்கி மூடிய முனை இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசி, கழன்று பறந்துவிடும். மாட்டியதும் இரண்டு முறை பாருங்கள்.

சக்கரத்தைத் திரும்ப ஏற்றி, அச்சு நட்டை இறுக்குவதற்கு முன் பின்பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமாக அமரும். அந்த நிலையிலேயே இறுக்குங்கள். செயினின் கீழ்ப்பகுதி நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றி, மிக இறுகிய இடத்தில் அளவெடுங்கள். நான் முதல்முறை செய்தபோது ஸ்டாண்டில் சரியாக இருந்த செயின், இருவர் உட்கார்ந்ததும் விறைத்துக்கொண்டு ஊளையிட்டது. ஷாக் அமுங்கும்போது செயின் இறுகும் என்பது அன்றுதான் புரிந்தது. ஆகவே சந்தேகம் வந்தால் சற்றுத் தளர்வான பக்கம் நில்லுங்கள். இருபுறமும் அட்ஜஸ்டர் குறிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் குறிகளை நான் முழுதாக நம்புவதில்லை. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் இரு சக்கரங்களின் பக்கவாட்டிலும் நூல் கட்டிப் பார்த்துவிடுவேன்.

முன்பக்கமும் கேபிள்களும்

முன்பிரேக் ஷூவும் அதே முறைதான். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்தில் இணைந்திருப்பதால் அதன் பல்லும் வளையமும் சரியாகப் பொருந்திய பிறகே அச்சை இறுக்குங்கள். 2019-க்குப் பிந்தைய 100 சிசி வண்டிகளில் இரு பிரேக்குகளையும் இணைக்கும் சிபிஎஸ் உண்டு. அதன் கேபிள் வரிசையைக் கையேடு சொல்வதுபோல் மட்டும் சரிசெய்யுங்கள்.

கிளட்ச், ஆக்ஸிலரேட்டர், பிரேக் கேபிள்களில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். புதிய கேபிளைப் பழையது சென்ற வழியிலேயே கொண்டுசெல்லுங்கள். ஹேண்டிலை இரு முனைக்கும் திருப்பும்போது இன்ஜின் வேகம் ஏறக்கூடாது. கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெற்றாட்டம் வேண்டும்.

விளக்கு

என் வண்டியைப் போன்ற பழைய ஸ்பிளெண்டர்களில் முகப்பு விளக்கு பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜின் சுழற்சியிலிருந்து நேரடியாக வரும் ஏசி மின்சாரத்தில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூடினால் உங்கள் வண்டியும் அவ்வகையே. இதில் கடைகளில் கிடைக்கும் எல்இடி பல்பைப் போட்டால் துடிக்கும் அல்லது எரிந்துபோகும். அது எரியாமல் ஓடினாலும், இழை பல்புக்காக வளைக்கப்பட்ட பிரதிபலிப்பான் எல்இடி ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். எதிரே வருபவரின் கண் கூசும். நமக்குச் சாலை தெரியாது.

நான் செய்தது இவ்வளவுதான்: நல்ல 35/35 வாட் ஹாலஜன் பல்பு, மங்கிப்போன விளக்குக் கூட்டுக்குப் பதில் புதியது, துருவேறிய எர்த் முனையைச் சுரண்டிப் புதிய டெர்மினல், சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி ஒளிக்கற்றையைத் தாழ்த்திச் சரிசெய்தது. வித்தியாசம் இரவும் பகலும்போல் இருந்தது. மின்வேலை எதுவானாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

ஷாக் அப்சார்பரும் இன்ஜினும்

பின் ஷாக்கில் எண்ணெய் கசிந்தாலோ, இருக்கையை அழுத்தி விட்டதும் இரண்டு மூன்று முறை துள்ளினாலோ இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றைப் பொருத்தி இறுக்கிய பிறகு மற்றதைக் கழற்றினால் வண்டி சரியாது. முன் ஃபோர்க்கின் எண்ணெயும் சீலும், கோன் செட்டும் பழகாத கைகளுக்கு ஏற்றவை அல்ல. தெரிந்த மெக்கானிக்கோடு சேர்ந்து ஒருமுறை செய்து பழகுங்கள்.

இன்ஜினில் வீட்டில் செய்யத் தகுந்தவை: கையேட்டில் உள்ள தரத்தில் எண்ணெய், அதே எண்ணுள்ள ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி. பிளக்கை முதலில் கையால் திருகி இறக்குங்கள். அலுமினியத் தலையில் மரை போனால் செலவு பெரிது. எண்ணெய் ஊறிய காகித வடிகட்டியைக் காற்றடித்துச் சுத்தம்செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதை எடுத்துவிட்டுத் திறந்த வடிகட்டி பொருத்தினால் நம் சாலைப் புழுதி சிலிண்டருக்குள் போகும். பெட்ரோல் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும்.

சாலைக்கு எடுக்கும் முன்

தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய் இரு பிரேக்குகளையும் பிடித்துப் பாருங்கள். பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தில், ஆளில்லாத சாலையில். புதிய ஷூக்கள் முதல் 100, 200 கிலோமீட்டர் வரை முழுப்பிடி தராது. புதிய டயரின் மேற்பரப்பும் வழுக்கும். அதுவரை இடைவெளி விட்டு, பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் டிரம்களின் மேல் கையைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சுட்டால் ஷூ உரசுகிறது, அந்தப் பிரேக்கின் சரிசெய்யும் நட்டை ஒரு சுற்று தளர்த்துங்கள். அச்சு நட்டு, டார்க் லிங்க், ஸ்பிராக்கெட் போல்ட்டுகளை அன்றைக்கே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். 500 கிலோமீட்டரில் செயின் தளர்வை மறுபடி அளந்து, தேதியையும் ஓடிய தூரத்தையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.